பை பிடிக்கும் பாட்டிக்கும் டிக்கெட்டா? - ஒரு ரோலர் கோஸ்டர் ரசிகரின் ஒரு நாள்!

நுழைவுக் கட்டணம் கிடையாது. பார்க்கிங் கட்டணம் கிடையாது. இங்குள்ள பிரபல ரோலர் கோஸ்டரின் உயரமோ வெறும் 78 அடி. ஆனாலும் உலகம் முழுக்க இருக்கும் ரோலர் கோஸ்டர் பிரியர்கள் தேடி வருகிறார்கள். அமெரிக்காவின் கனோபெல்ஸ் பூங்காவுக்கு ஒரு ரவுண்டு போய் வரலாமா?

தீம் பார்க்குக்குக் கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, உள்ளே கால் வைத்ததுமே 'ரோலர் கோஸ்டர் எங்கே?' என்று தேடி ஓடும் கட்சி. இன்னொன்று, ஓடியவர்களின் செல்போன், கண்ணாடி, தொப்பி, தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் மடியில் சுமந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சி. இந்த இரண்டாவது கட்சியில் பாட்டி நிரந்தர உறுப்பினர். முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எல்லாம் அவ்வப்போது சேர்ந்துகொள்வார்கள்.

விஷயம் என்னவென்றால், பெரும்பாலான தீம் பார்க்குகளில் இந்த இரண்டாவது கட்சியும் வாசலில் பணம் கட்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒரு ரைடில்கூட ஏறாமல், நாள் முழுக்கப் பை பிடிப்பதற்கு ஒரு டிக்கெட்! அதனாலேயே 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்' என்று ஒதுங்கிவிடும் பெரியவர்கள் எத்தனை பேர்?

ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்த ஒருவருக்கு இது உண்மையிலேயே தர்மசங்கடம். அவருக்கு உயிரான விஷயமே அவரைக் குடும்பத்திடமிருந்து ஒரு நாள் முழுக்கப் பிரித்துவைக்கிறது. இந்தச் சிக்கலுக்கு ஏறக்குறைய 100 ஆண்டுகளாக ஒரு பூங்கா தன் பாணியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

யார் இந்த ரசிகர்கள்?

சினிமா ரசிகர், கிரிக்கெட் ரசிகர் மாதிரி ரோலர் கோஸ்டர் ரசிகர்களும் அமெரிக்காவில் தனி இனம். 'அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ்' என்ற அவர்களின் சங்கம் 1978-ல் தொடங்கியது. இவர்கள் ஏறிய ஒவ்வொரு ரோலர் கோஸ்டரையும் 'கிரெடிட்' என்று கணக்கு வைப்பார்கள். ஒரே ரைடில் 100 முறை ஏறினாலும் ஒரு கிரெடிட்தான். 'உங்க கிரெடிட் எவ்வளவு?' என்பதுதான் ரசிகர்கள் சந்தித்துக்கொண்டால் வரும் முதல் கேள்வி.

அடுத்த முக்கியமான வார்த்தை 'ஏர் டைம்'. வேகமாகப் போகும் பஸ் ஒரு பாலத்து மேட்டில் ஏறி இறங்கும்போது, கடைசி சீட்டில் இருப்பவருக்கு அடிவயிறு ஜிவ்வென்று கூசுமே... அதுதான். சீட்டை விட்டு உடம்பு ஒரு கணம் மேலே மிதக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா தீவிர ரசிகர். அம்மாவுக்குப் பாதி ஆர்வம். மகளுக்கு ஆறேழு வயது. கூடவே 70 வயதைத் தாண்டிய பாட்டி. கனோபெல்ஸில் இவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை: டிக்கெட் கவுன்டர் மறிக்காத வாசல்

பென்சில்வேனியா மாநிலத்தில் எலிஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மரங்களும் ஓடைகளும் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது கனோபெல்ஸ். காரை நிறுத்திவிட்டு நடந்தால், அப்படியே பூங்காவுக்குள் வந்துவிடலாம். டிக்கெட் கேட்டு மறிக்கும் தடுப்புக் கம்பிகள் இல்லை. அமெரிக்காவில் நுழைவுக் கட்டணம் வாங்காத பூங்காக்களில் இதுதான் மிகப் பெரியது.

எந்த ரைடில் ஏறுகிறோமோ, அதற்கு மட்டும் டிக்கெட். டிக்கெட் புத்தகமாக வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்கலாம். நம் அப்பா மாதிரி நாள் முழுக்க ஏறி இறங்குபவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு அன்லிமிடெட் பாஸ் இருக்கிறது. பாட்டிக்கு? ஒரு பைசா செலவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வேர் பூங்காவின் கதையிலேயே இருக்கிறது. கனோபெல் குடும்பத்தின் தொழில் விவசாயமும் மர வியாபாரமும். அவர்கள் நிலத்தில் ஓடைகள் சேரும் இடத்தில் குளிக்கவும், மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிடவும் அக்கம்பக்கத்து ஜனங்கள் குதிரை வண்டிகளில் வருவார்கள். வந்தவர்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டித் தீனி போடுவதற்கு மட்டும் 25 சென்ட் வாங்கினார்கள். 1926 ஜூலை 4-ம் தேதி ஒரு நீச்சல் குளத்தோடு முறைப்படி பூங்கா திறந்தபோதும் அதே பழக்கம் தொடர்ந்தது. 'வருவது உங்கள் விருப்பம். எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதற்குக் கொடுங்கள்.' இன்றும் அதே குடும்பம்தான் பூங்காவை நடத்துகிறது.

ஊர் மாறிய ராட்சதன்

அப்பாவின் கால்கள் நேராகப் போவது 'ஃபீனிக்ஸ்' பக்கம். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர். இதற்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

1940-களின் பிற்பகுதியில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், 'பிளேலேண்ட் பார்க்' என்ற பூங்காவில் 'ராக்கெட்' என்ற பெயரில் இந்த மர ரோலர் கோஸ்டர் ஓடியது. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஷ்மெக். 1980-ல் அந்தப் பூங்கா மூடப்பட்டது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தது ராக்கெட். அப்படி நின்ற மர ரோலர் கோஸ்டர்களில் பெரும்பாலானவை விறகாகத்தான் முடிந்திருக்கின்றன.

கனோபெல் குடும்பம் வேறு மாதிரி யோசித்தது. பல மாநிலங்களைக் கடந்து இதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர முடிவெடுத்தது. சிக்கல் என்னவென்றால், பழைய வரைபடம் கையில் இல்லை. எனவே பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பலகையையும் அளந்து, அடையாள எண் போட்டு, குறித்துவைத்தார்கள். லாரி லாரியாக மரம் பென்சில்வேனியாவுக்கு வந்தது. சார்லஸ் டின் என்ற ரோலர் கோஸ்டர் நிபுணர் மேற்பார்வையில் மறுபடி பலகைக்குப் பலகை கோக்கப்பட்டு, 1985 ஜூனில் ஃபீனிக்ஸாகப் பறந்தது.

உயரம் 78 அடி. ஏழு மாடிக் கட்டடம் அளவுதான். நீளம் 3,200 அடி. அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார் போகும் வேகத்தைவிடக் குறைவு! காகிதத்தில் பார்த்தால் 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்றுதான் தோன்றும்.

ஆனால், ஏறிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 'அம்யூஸ்மென்ட் டுடே' இதழ் வழங்கும் 'கோல்டன் டிக்கெட்' விருதுகளில் 2018-ல் சிறந்த மர ரோலர் கோஸ்டர் இதுதான். அதன் பிறகும் பலமுறை அதே விருதை வாங்கியிருக்கிறது.

அப்படி என்னதான் நடக்கிறது?

ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பியதும் நேராக மேலே ஏறாது. முதலில் ஒரு நீளமான இருட்டுச் சுரங்கத்துக்குள் நுழையும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெளிச்சத்துக்கு வந்ததும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். டக்... டக்... டக்... இந்தச் சத்தம்தான் பலருக்குப் பயத்தைக் கிளப்புவது. உண்மையில் அது பாதுகாப்பின் சத்தம். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் இருக்க, அடியில் இருக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் ஒலி அது.

உச்சியைத் தாண்டியதும் சங்கிலிக்கு வேலை முடிந்தது. பிறகு மோட்டாரும் இல்லை, இன்ஜினும் இல்லை. புவியீர்ப்பு ஒன்றுதான் டிரைவர். முதல் இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தை வைத்தே இரண்டு முறை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கும்போதும் உடம்பு சீட்டை விட்டு எழும்பும். கடைசிப் பகுதியில் அடுத்தடுத்து வரும் சின்ன மேடுகளில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட மிதக்கும் நேரம்தான் அதிகமோ என்று தோன்றும்.

'அப்படி எழும்பினால் வண்டியே பறந்துவிடாதா?' என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சக்கரங்களில் இருக்கிறது. தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒரு சக்கரம், அடியில் ஒரு சக்கரம். மூன்றுமாகச் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். அடிச்சக்கரத்துக்கு 1919-ல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். அந்தச் சக்கரம் வந்த பிறகுதான் இவ்வளவு செங்குத்தான மேடு பள்ளங்களை அமைக்கும் தைரியம் வந்தது.

முன் சீட்டா, பின் சீட்டா? ரசிகர்களின் தீராத விவாதம் இது. முன் சீட்டில் பார்வை பிரமாதம். இறக்கத்தின் விளிம்பில் ஒரு கணம் தொங்கவிட்டு வேடிக்கை காட்டும். பின் சீட்டிலோ, முன்னால் போன பெட்டிகள் ஏற்கெனவே கீழே பாய ஆரம்பித்திருக்கும். அவை இழுக்கிற இழுப்பில் உச்சியில் இருந்து சுண்டிவிட்ட மாதிரி தூக்கி எறியும். அப்பா இரண்டிலும் ஏறுவார். பிறகு நடுவிலும்!

உயரக் கோடும் ஒரு பிடிவாதமும்

மகளுக்கும் ஃபீனிக்ஸில் ஏற ஆசை. ஆனால் வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் உயர அளவுகோலுக்கு அவள் தலை எட்டவில்லை. ஒரு விரல்கடை குறைவு.

உலகின் எல்லா தீம் பார்க்குகளிலும் தினமும் நடக்கும் காட்சி இது. 'ஒரு விரல்தானே சார், விட்டுடுங்க' என்று பெற்றோர் கெஞ்சுவதும், குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்வதும், அடி தடித்த ஷூ போட்டுக் கூட்டி வருவதும் சகஜம். அந்தக் கோடு ஏன் என்று புரிந்துகொண்டால் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மடிக்கு மேல் விழும் கம்பி, ஒரு குறிப்பிட்ட அளவு உடம்பைப் பிடித்துவைக்கும்படி அமைக்கப்பட்டது. ஃபீனிக்ஸில் இருப்பது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. பெரியவரைச் சீட்டிலிருந்து இனிமையாக மிதக்கவைக்கும் அதே இடைவெளி, சின்னக் குழந்தைக்கு ஆபத்து. 'வேண்டாம்' என்று சொல்லும் ஊழியர் உங்கள் குழந்தையின் எதிரி அல்ல. அந்த இடத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே காவலர் அவர்தான்.

மகள் அழுதாள் என்றால், அந்த அழுகைக்கும் இங்கே மருந்து இருக்கிறது. குட்டிகளுக்கென்றே 'கோஸ்மோஸ் கர்வ்ஸ்' என்று ஒரு சின்ன ரோலர் கோஸ்டர் உண்டு. அங்கே அவளுக்கு ஒரு கிரெடிட் கிடைத்துவிடும். ரசிகர்களின் கணக்கில் சின்னது பெரியது என்ற பேதமே கிடையாது. ஒன்று என்றால் ஒன்றுதான்!

மதியம்: பாட்டியின் முறை

இப்போது பாட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழிகிறது. 1913-ம் ஆண்டைச் சேர்ந்த பெரிய குதிரை ராட்டினம். கையால் செதுக்கிய 63 மரக்குதிரைகள். வெளி வரிசைக் குதிரையில் உட்கார்ந்தால் ஒரு விளையாட்டு உண்டு. ராட்டினம் சுற்றும்போது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலிருந்து வளையங்களைப் பறிக்க வேண்டும். பித்தளை வளையம் யார் கையில் மாட்டுகிறதோ அவருக்கு இன்னொரு சுற்று இலவசம். ஒருகாலத்தில் அமெரிக்க ராட்டினங்களில் பரவலாக இருந்த இந்த வழக்கம், இன்று மிகச் சில இடங்களில்தான் மிச்சமிருக்கிறது. பேத்தி பறிக்கிறாளா, பாட்டி பறிக்கிறாரா என்று பார்க்க இப்போது அப்பாதான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்!

சாப்பாட்டுக்கும் இந்தப் பூங்கா பேர் பெற்றது. மசித்த உருளைக்கிழங்கை உள்ளே வைத்து அவித்து எடுக்கும் 'பியரோகி' இங்கே பிரபலம். நம்ம ஊர் சோமாசை மாதிரி அரைவட்ட வடிவில் இருக்கும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் கொண்டுவந்த பண்டம் இது.

ஆம், இது நிலக்கரி பூமி. 1962-ல் நிலத்தடியில் பற்றிய தீ இன்னும் அணையாத சென்ட்ரேலியா என்ற ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே சுரங்கத் தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சுவாரஸ்யம், ரோலர் கோஸ்டரின் பூர்வீகமே ஒரு வகையில் இந்த நிலக்கரிதான். இங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது மௌக் சங்க் என்ற ஊர். அங்கே 1827-ல் நிலக்கரியை மலையிலிருந்து கீழே இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். சரிவில் வண்டிகள் தாமாகவே உருண்டு ஓடும். அதில் உட்கார்ந்து போகக் காசு கொடுத்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பின்னாளில் நிலக்கரி போய், வேடிக்கைப் பயணிகள் மட்டும் போகும் பாதையாகவே அது மாறிவிட்டது. 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் அமைத்த ரைடு அந்த யோசனையின் தொடர்ச்சி. கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்கூட இல்லை!

பொறுமைக்கு ஒரு பெயர்

மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு இன்னும் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, 1999-ல் வந்த 'ட்விஸ்டர்'. டென்வர் நகரில் 'மிஸ்டர் ட்விஸ்டர்' என்ற புகழ்பெற்ற ரைடு இருந்தது. அதையும் பெயர்த்துக் கொண்டுவரத்தான் கனோபெல்ஸுக்கு ஆசை. ஆனால் அது முடியவில்லை. அதன் வடிவமைப்பைத் தங்கள் இடத்துக்குத் தக்கபடி மாற்றி, புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்று 'ஃபிளையிங் டர்ன்ஸ்'. இதில் தண்டவாளமே கிடையாது. பாதி வெட்டிய பெரிய குழாய் மாதிரியான மரத் தொட்டிக்குள் வண்டி அங்குமிங்கும் சறுக்கிக்கொண்டு ஓடும். 1929-ல் அறிமுகமாகி, பிறகு அடியோடு மறைந்துபோன வகை இது. 2006-ல் இதைக் கட்டத் தொடங்கினார்கள். சக்கரம் சரியாக வரவில்லை, மாற்றினார்கள். மறுபடி சோதித்தார்கள். திறப்பு விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மக்கள் ஏறியது 2013 அக்டோபரில். ஏழு ஆண்டுகள்! 'திறந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

456 அடியும் 78 அடியும்

பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் 2005-ல் 'கிங்டா கா' என்ற ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. உயரம் 456 அடி. அன்று உலகிலேயே உயரமானது. 2024-ல் அது நிரந்தரமாக மூடப்பட்டு, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் ஆயுள் 20 ஆண்டுகள்கூட இல்லை.

78 அடி ஃபீனிக்ஸ், 1940-களில் பிறந்து, ஒருமுறை கைவிடப்பட்டு, ஊர் மாறி, இன்னும் ஓடுகிறது. காரணம் மந்திரம் எதுவும் இல்லை. மரம் என்பதால் கெட்டுப்போன பலகையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். அதற்கு ஆள் வேண்டும், மரம் தெரிந்த கை வேண்டும், தினமும் பார்க்கும் கண் வேண்டும். மர வியாபாரக் குடும்பத்திடம் அது இருந்தது. பூங்கா திறப்பதற்கு முன் பாதையைச் சோதித்து, ஆளில்லாத வண்டியை ஓட்டிப் பார்க்கும் வேலை எந்த நல்ல பூங்காவிலும் பார்வையாளர் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அப்பா கைகளைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட முடிவது, அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையை நம்பித்தான்.

பூங்காவும் அப்படியே தாக்குப்பிடித்திருக்கிறது. ஓடைக் கரை என்பதால் வெள்ளம் அடிக்கடி விருந்தாளி. 1972-ல் அக்னஸ் புயல், 2011-ல் லீ புயல் என்று பலமுறை தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சேறு அள்ளி, துடைத்து, மறுபடி திறந்திருக்கிறார்கள்.

இரவு: கடைசி ரவுண்டு

ரசிகர்கள் காத்திருப்பது இந்த நேரத்துக்குத்தான். நாள் முழுக்க ஓடிய சக்கரங்களின் பேரிங்கில் கிரீஸ் சூடாகி இளகியிருக்கும். அதனால் காலையில் ஓடியதைவிட வண்டி விறுவிறுப்பாக ஓடும். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று இருட்டில் தெரியாது. இந்த முறை அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் அம்மா!

முதல் முறை ஏறப்போகிறீர்களா?

எந்த ஊர் தீம் பார்க்காக இருந்தாலும் இவற்றை நினைவில் வையுங்கள்.

* பயமாக இருந்தால் நடுப்பெட்டியில் உட்காருங்கள். முன்னும் பின்னும் கிடைக்கும் அதிர்ச்சி அங்கே குறைவு.
* சாப்பிட்ட கையோடு ஏற வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம்.
* கண்ணை மூடாதீர்கள். பாதை எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் தலைசுற்றல் குறையும்.
* முதுகைச் சீட்டோடு சாய்த்து, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரைடு ஓடும்போது செல்போனை வெளியே எடுக்கவே கூடாது.
* இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகு வலி இருப்பவர்கள், கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுங்கள்.
* உயரம், எடை பற்றிய விதிகளில் பேரம் பேசாதீர்கள்.
* 'பயமா இருக்கு, வேண்டாம்' என்று குழந்தை சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள். அடுத்த வருஷமும் ரோலர் கோஸ்டர் அங்கேதான் இருக்கும். அவள் ஒரு விரல்கடை வளர்ந்தும் இருப்பாள்!